இருபத்து மூன்று வரிகள்

விற்பது என்று முடிவானதும் பட்டறைப் பையன்களிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, யாரும் காடியைக் கழுவ வேண்டாம் என்பதுதான்.

மலேசியாவில் காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். விற்கும் காடியைக் கழுவி, எஞ்சினுக்குத் தண்ணீர் பீய்ச்சி, கறுப்பு ரப்பரெல்லாம் பளபளக்கச் சிலிக்கான் தடவுவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. அடுத்தவர் காடிக்கு நானும் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைக் கழுவாத எஞ்சின்தான் காட்டும். தூசி படிந்த எண்ணெய்க்கு ஒரு பாதை இருக்கும். மேலே தொடங்கிய இடத்தில் ஈரமாக, கீழே வரவரக் கெட்டியாக, கடைசியில் கரிய மெழுகு போல. அந்தப் பாதையைப் படித்தால் எந்த கேஸ்கெட் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். கழுவிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி. வாங்குகிறவன் அதைப் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

என் காடி நிஸ்ஸான் செஃபிரோ, ஏ31 வகை. ஜப்பானில் 1988இல் வெளிவந்தது. மலேசியாவில் அந்தக் காலத்தில் முதலாளிமார் ஓட்டிய காடி. ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போவதற்கென்றே செய்த மெத்தை. பழசாகி விலை இறங்கியபோதுதான், காடியைப் பக்கவாட்டில் சறுக்கவிடும் டிரிஃப்ட் ஓட்டுகிறவர்களின் கண் அதன்மேல் விழுந்தது. காரணம் ஒன்றே ஒன்று: எஞ்சின் முன்னால் இருந்தாலும் காடியைத் தள்ளுவது பின்சக்கரம். பின்சக்கரம் தள்ளும் மலிவான காடிகள் அப்போது வேறு அதிகம் இல்லை. அதோடு அதன் சஸ்பென்ஷனும் எஞ்சின் பிடிக்கும் இடங்களும் அதே கம்பெனியின் ஸ்கைலைன், சில்வியா, லாரல் காடிகளோடு நிறைய ஒத்துப்போகும். ஒரு காடியின் பாகம் இன்னொன்றில் உட்காரும்.

டர்போ எஞ்சினையும் மேனுவல் கியர்பாக்ஸையும் ஹாஃப்கட் கடையில் வாங்கினேன். ஹாஃப்கட் என்றால் உண்மையிலேயே பாதியாக அறுத்த காடி. ஜப்பானில் காடிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாய ஆய்வு உண்டு. பழைய காடியை அதில் தேற்றி எடுக்கும் செலவுக்குப் பயந்து, நன்றாக ஓடும் காடியைக்கூடக் கழித்துவிடுவார்கள். முழுக் காடியாக இங்கே இறக்க அனுமதி எளிதில் கிடைக்காது. அறுத்துவிட்டால் அது உதிரிபாகம். கண்டெய்னரில் அடுக்கி கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துவிடும். எத்தனையோ சனிக்கிழமைகளை அந்தக் கடைகளில் முன்பாதி மட்டும் இருக்கும் காடிகளுக்கு நடுவே கழித்திருக்கிறேன். என் ஆர்பி20டெட் எஞ்சினை 2010இல் அப்படி ஒரு அடுக்கின் இரண்டாவது தட்டிலிருந்து இறக்கினார்கள். மறு ஆண்டே சாலைப் போக்குவரத்து இலாகாவில் எஞ்சின் மாற்றத்தை முறைப்படி காடியின் பதிவுச் சான்றான கிராண்டில் பதிந்துவிட்டேன். அப்போது அலைச்சலாக இருந்தது. விற்கும்போதுதான் அந்த அலைச்சலின் விலை தெரிந்தது.

டிரிஃப்ட் எனக்கு வீசிடியில் வந்து சேர்ந்தது. எழுபதுகளில் குனிமிட்சு தகாஹாஷி என்ற பந்தய ஓட்டுநர் வளைவுகளில் காடியைச் சறுக்கவிட்டு ஓட்டியதைப் பார்த்துக் கற்றவர் கெயிச்சி சுச்சியா. அவர் மலைச்சாலையில் ஓட்டுவதைப் படம்பிடித்து 1987இல் ப்ளஸ்பி என்ற வீடியோவாக வெளியிட்டார்கள். பல கை மாறிக் கோடு விழுந்த ஒரு பிரதியை நான் பார்த்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அப்போதே போர்மென் வேலைக்கு வந்துவிட்டிருந்தேன். மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். காடி பக்கவாட்டில் போவதைவிட என்னைக் கட்டிப்போட்டது அவர் கால்கள்தான். கிளட்சை மிதித்து, எஞ்சினை உறுமவிட்டு, சட்டென்று காலை எடுக்கிறார். பின்சக்கரம் பிடியை விடுகிறது. அந்த ஒரு நொடியில் கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் என்ற டிஃப், ஆக்சில் எல்லாம் சம்மட்டியடி வாங்குகின்றன. ஓட்டுகிறவனுக்குச் சுகமான நொடி அது. அதன் கணக்கைப் பிறகு தீர்க்கிறவன் போர்மென். நான் இரண்டுமாக இருந்தேன்.

விற்க வேண்டி வந்ததற்குப் பெரிய காரணம் இல்லை. பட்டறையைச் சிறிய லாட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக கன்வாஸுக்குள் நின்ற காடிக்கு அங்கே இடமில்லை. ஓட்டாமல் நிற்கும் காடி ஓடும் காடியைவிட வேகமாகக் கெடும். ரப்பர் இறுகி, ஹோஸ் வெடித்து, பிரேக் எண்ணெய் தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே துரு பிடிக்கும்.

பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது தெரிந்ததுதான். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, காயில்ஓவர் தனி, இன்டர்கூலர் தனி என்று கணக்குப் போட்டால் முழுக் காடிக்குக் கிடைப்பதைவிட ஆறேழாயிரம் மலேசிய வெள்ளி அதிகம். ஓர் இரவு தாளில் எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்த ஸ்பிரிங் இறுக்கம் அந்த எடைக்காக நான் தேடிப் பிடித்தது. அந்த எடை அந்த எஞ்சினால் வந்தது. முன்சக்கரத்தின் சாய்வு, சக்கரத்தைத் தாங்கும் அந்த நக்கிளுக்குப் பொருந்தும்படி வைத்தது. பிரித்தால் பாகங்கள்தான் போய்ச் சேரும். பத்து ஆண்டுகளாகக் கால் பாகை, அரை பாகையாகத் திருத்திச் சேர்த்த பொருத்தம் ஒருவருக்கும் போய்ச் சேராது. எனவே முழுசாகத்தான் விற்பது, பழுதுகளோடுதான் விற்பது என்று முடிவு செய்தேன்.

பழுதுகளைத் தெரிந்துகொண்டு பட்டியல் எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பதினைந்து ஆண்டு பழகிய காடி, எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். விற்பவனாக அதன் அடியில் படுத்தபோது வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு எஞ்சினுக்கு. சூடேற்றி, ஆறு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்து, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தேன். ஐந்து சிலிண்டர்கள் 145க்கும் 152க்கும் இடையில். ஆறாவது, உட்பக்கச் சுவரை ஒட்டி இருப்பது, 112 பிஎஸ்ஐ. மனசு கொஞ்சம் உட்கார்ந்துவிட்டது. அடுத்தது பழைய முறை: ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை அந்தச் சிலிண்டருக்குள் விட்டு மறுபடி சுற்றுவது. அழுத்தம் சட்டென்று ஏறினால் எண்ணெய் ரிங் இடைவெளியை அடைத்திருக்கிறது என்று பொருள், ரிங் தேய்ந்திருக்கிறது. எனக்கு 115தான் வந்தது. அப்படியென்றால் ரிங் இல்லை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காது கொடுத்தேன். எண்ணெய் மூடியில் சத்தமில்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. பின்னால் போய் எக்ஸாஸ்ட் குழாயருகே குனிந்தால், உஸ்ஸென்று பாம்பு மூச்சு. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை.

ஆறாவது சிலிண்டர் போய்விட்டது என்று சொல்வதற்கும், அதன் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது என்று சொல்வதற்கும் இடையில் ஆயிரக்கணக்கான வெள்ளி வித்தியாசம். முதலாவதைக் கேட்டவன் புது எஞ்சின் விலையை மனத்தில் கழிப்பான். இரண்டாவதைக் கேட்டவன் ஹெட்டைக் கழற்றும் கூலியை மட்டும் கழிப்பான். உண்மையைத் துல்லியமாகச் சொன்னால் விற்பவனுக்கும் லாபம் என்று அன்று கண்டுகொண்டேன். ஆனால் ஹெட்டைத் திறந்து என் கண்ணால் நான் பார்க்கவில்லை. எனவே பட்டியலில் அப்படியே எழுதினேன்: சோதனை இதைச் சொல்கிறது, திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு கியர்பாக்ஸும் பின்பகுதியும். இரண்டாவது கியர் ஐயாயிரம் சுற்றுக்கு மேல் கரகரத்தது. சின்க்ரோ தேய்ந்துவிட்டது. பின் சப்ஃப்ரேம் புஷ் வெடித்திருந்தது. டிஃப் பழுது என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லியாக வேண்டும்: இரண்டு பின்சக்கரமும் எப்போதும் ஒன்றாகச் சுற்றும்படி 2013இல் உள்ளே பல்லோடு பல்லை வெல்டிங் வைத்திருந்தேன். என்றாவது வெல்டிங் விட்டுப்போனால் உடைந்த துண்டு பற்களுக்குள் சிக்கும்.

எஞ்சின் எண்ணெய்ப் பம்பைப் பற்றி எழுதும்போது கை சற்றுத் தயங்கியது. அது கெட்டுப்போகவில்லை. அழுத்தம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஆர்பி எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் பம்பைச் சுற்றும் பிடிமானம் குறுகியது. டிரிஃப்டில் எஞ்சின் உச்ச வேகத்தில் முட்டி முட்டி அதிரும்போது பம்பின் பல் உடைவதுண்டு. உடைந்தால் சில நொடிகளில் பேரிங்குகள் போய்விடும். அகலமான காலர் போட்டுப் புதுப் பம்பு வைப்பதுதான் மருந்து. நான் வைக்கவில்லை. எஞ்சினை இறக்கும்போது செய்யலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன். எந்தச் சோதனையிலும் இது தெரியாது, எந்த வாங்குபவனும் கேட்க மாட்டான். உடைந்திருப்பதை மறைப்பது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். உடையப்போவதை அறிந்தவன் சொல்லாமலிருப்பதை என்னவென்று சொல்வது? அதைப் பட்டியலின் முதல் வரியாக எழுதினேன்.

மூன்றாவது ஞாயிறுதான் எனக்கு மறக்காதது. முன்சக்கரம் அதிகம் திரும்ப வேண்டும் என்பதற்காக ஸ்டியரிங் நக்கிள்களின் கையை நானே அறுத்துக் குட்டையாக்கி வெல்டிங் வைத்திருந்தேன். கை குட்டையானால் ஸ்டியரிங் ராக் நகரும் அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகத் திரும்பும். டிரிஃப்டில் காடி எவ்வளவு சாய்ந்தாலும் சமாளிக்க அது வேண்டும். ஆனால் அந்த வெல்டிங் அறுந்தால் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் உறவே இல்லை. என் உயிரை அதில் தொங்கவிட்டிருந்தேன், அது என் பாடு. இன்னொருவன் உயிரைத் தொங்கவிடும் முன் பார்த்துவிட வேண்டும் என்று சாயப் பரிசோதனைக்கான மூன்று ஸ்பிரே டின்கள் வாங்கினேன். துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சாயத்தைத் துடைத்தெடுத்து, மேலே வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பி வரும். நக்கிள் இரண்டும் வெள்ளையாகவே நின்றன. அன்று நான் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

டின்னில் சாயம் மிச்சமிருந்தது. வீணாக்க வேண்டாமே என்று வலப்பக்க டென்ஷன் ராட் பிடிக்கும் பிராக்கெட்டில் அடித்தேன். 2016இல் செப்பாங்கில் ஒரு பயிற்சி நாளன்று அது விட்டுப்போய், கடன் வாங்கிய மெஷினில் அவசரமாக வெல்டிங் வைத்தது. வெள்ளைப் பொடி காயக் காய, அந்தப் பழைய வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி, சேசிஸ் சட்டத்துக்குள் போகும்படி ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. என் சுண்டுவிரல் நீளம். வெல்டிங் பிடித்துக்கொண்டது, பக்கத்தில் சூடு பட்டு வலுவிழந்த இரும்பு விட்டுவிட்டது. அந்த விரிசலோடு எத்தனை முறை ஓட்டியிருக்கிறேன், எத்தனை முறை பக்கத்தில் ஆளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு தரையிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

மஞ்சள் சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். பெயிண்ட் அடிக்கவில்லை. அடிப்பாகத்துக்குப் பூசும் தார் ஒரு கோட் அடித்தால் ஒரு மனிதனுக்கும் தெரியாது. அப்படித் தார் பூசிய எத்தனையோ காடிகளைச் சுரண்டியவன் நான்.

அந்த வாரம் காடி வாங்கி விற்கும் தம்பி ஒருவன் வந்தான். பட்டியலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இவ்ளோ எழுதுனா எவன் வாங்குவான்? பம்பு நல்லாத்தானே இருக்கு, அத ஏன் எழுதுனீங்க? அந்த வெடிப்புல ஒரு வெல்டிங் போட்டு, கறுப்பு அடிச்சிட்டா இருபத்தஞ்சாயிரத்துக்கு நான் தள்ளி விட்டுடுவேன்."

"வெல்டிங் போட்டுக் கறுப்பு அடிச்சா, அடுத்த வெடிப்பு வரும்போது அவனுக்குத் தெரியாதுப்பா," என்றேன். அவன் கெட்டவன் இல்லை. அவன் தொழிலில் காடி கைமாறியதோடு கதை முடிகிறது. என் தொழிலில் அது நூறு கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போகும்போதுதான் தொடங்குகிறது.

அதை நானே சரி செய்திருக்கலாமே என்று கேட்கலாம். யோசித்தேன். விரிசலின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும். பிறகு விரிசலைக் குடைந்து வெல்டிங் வைத்து, மேலே பெரிய தகடு கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு எஞ்சினை இறக்கினால்தான் கை போகும். பம்புக்காக வாங்குகிறவன் எப்படியும் எஞ்சினை இறக்கத்தான் போகிறான். வால்வு, பம்பு, விரிசல் மூன்றையும் அவன் ஒன்றாகச் செய்துகொள்வதே முறை, தகட்டின் கனத்தையும் அவனே தீர்மானிக்கட்டும். விற்பதற்காகச் செய்யும் ரிப்பேரில் கை தன்னையறியாமல் கண்ணுக்குத் தெரியும் பக்கமே போகும். அது என் கைக்கும் பொருந்தும். ஏற்றி இறக்கும்போது ஆளைக் கொல்லக்கூடிய இரண்டை மட்டும் சரிசெய்தேன்: பிரேக்கும் பெட்ரோல் ஹோஸும்.

வாங்க வந்தவன் குவாந்தானிலிருந்து வந்த மலாய்க்காரப் பையன், இருபத்தாறு வயதிருக்கும். அண்ணே என்ற சொல் மலாய்க்காரர் வாயிலும் புழங்குகிற நாடு இது. அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். என் குறிப்பு நோட்டு முழுக்கத் தமிழ். முந்தைய இரவு உட்கார்ந்து பட்டியலின் 23 வரிகளையும் அவனுக்காக மலாயில் எழுதினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் நோட்டில் பாதி சத்தங்கள். இரண்டாவது கியர்: கரகர. பின் சப்ஃப்ரேம்: டொக், தூக்கிப் போட்டால் டொக்டொக். டர்போ: சூடேறும்வரை உய். வலது முன்சக்கர பேரிங்: கிருகிரு, கையை வைத்தால் தெரியும். இந்தக் கரகரவுக்கும் கிருகிருவுக்கும் மலாயில் எனக்கு நேர்ச்சொல் அகப்படவில்லை. சத்தம் என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. கரகர என்றால் பல்லும் பல்லும் உரசுவது. கிருகிரு என்றால் உருளைக்கு அடியில் குழி விழுந்திருப்பது. எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்பதே அந்தச் சொல்லில் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவனை ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தேன். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அவனையே உட்காரவைத்து இரண்டாவது கியர் போடச் சொன்னேன். முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அவன் விரலை ஸ்பிரிங்கின் மேல் வைத்தேன். பேரிங்கின் கிருகிரு காதில் கேட்பதற்கு முன்னே விரலில் தெரியும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இதை எழுதும்போதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பிறகு விளக்கைப் பிடித்து மஞ்சள் வட்டத்தைக் காட்டினேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதை ஏன் எனக்குக் காட்டுகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டான்.

"நீதானே ஓட்டப்போகிறாய்," என்றேன்.

22,000 வெள்ளி கேட்டேன். அவன் 16,000 என்றான். பட்டியலை நடுவில் வைத்து வரிவரியாகக் கூலியும் சாமானும் கணக்குப் போட்டோம். ஹெட்டுக்கு இவ்வளவு, சின்க்ரோவுக்கு இவ்வளவு, காலரோடு பம்புக்கு இவ்வளவு. 18,500இல் நின்றது. பேரம் என்று நான் பார்த்ததிலேயே அமைதியானது அதுதான். இருவரும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் குரல் உயர்த்த இடமே வரவில்லை.

பெயர் மாற்றாமல் காடியைக் கொடுப்பதில்லை என்பதில் மட்டும் நான் இறங்கிவரவில்லை. கிராண்டில் என் பெயர் இருக்கும்வரை அது எங்கே என்ன செய்தாலும் சம்மன் என் வீட்டுக்குத்தான் வரும். பழைய சீட்டையும் சாதாரண டயரையும் மாட்டி, டோ லோரியில் ஏற்றி ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அங்கே முக்கியமான வேலை. 2011இல் அலைந்து பதிந்த எண் அன்று காப்பாற்றியது. பதியாத எஞ்சினோடு எத்தனையோ நல்ல டிரிஃப்ட் காடிகள் இந்த இடத்தில்தான் வெறும் உதிரிபாகமாகிவிடுகின்றன.

பெயர் மாறி, பணமும் கைக்கு வந்த பிறகு, அவனுடைய லோரி பட்டறை வாசலுக்கு வந்தது. நோட்டையும் கொடுத்துவிட்டேன். தமிழ் தெரியாதென்றாலும் தேதியும் எண்களும் புரியும், கேம்பர், காஸ்டர் அளவெல்லாம் அதில்தான் இருக்கின்றன. லோரிக்காரர் வின்ச் கம்பியை இழுத்துக்கொண்டு வந்து குனிந்தார். முன் பம்பரில் கொக்கி இல்லாததால் கை பழக்கத்தில் வலப்பக்கம் அடியில் கிடைத்த இடத்தில் மாட்டப்போனார். டென்ஷன் ராட் பிராக்கெட்.

"அங்கே வேண்டாம்! இடப்பக்கம், இடப்பக்கம்!" என்று ஓடினேன். விரிசல் விட்ட சட்டத்தில் ஒரு டன்னுக்கு மேலான காடியை இழுத்தால் என்ன ஆகும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே அவருக்குச் சொன்னேன். இடப்பக்கத்தில் மாட்டினார். காடி மெதுவாக ஏறியது.

பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து, மடிப்பைப் பிரித்து, பேனாவோடு நீட்டினான். இதையும் எழுதிக் கொடுங்கள் அண்ணே, அந்தப் பக்கம் கொக்கி மாட்டக்கூடாது என்று.

லோரியின் ஓரத்தில் தாளை வைத்து 24 என்று எண் போட்டு எழுதினேன்.